வெல்டிங் பணி: முதலுதவியும் தீத்தடுப்பும்

தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் காலமும் ஆகும். அப்போது படகுகளில் வெல்டிங் பணி மிகுதியாக நடைபெறும். திருச்செந்தூர் போன்ற ஊர்களின் கிரில் பட்டறைகளிலோ இது ஆண்டு முழுவதும் நடைபெறும் பணி. இதனால் ஏற்படும் பாதிப்புகளுள் சில உடனே தெரியும். சில, பணியாளர் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படும். எனவே குடும்பத்தினரும் இவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

இரவில் தோன்றும் கண் வலி

வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்குகின்றன. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, மணல் விழுந்தது போன்ற உறுத்தல், நீர் வடிதல், கண் கூச்சம் ஆகியவை தோன்றும். அருகில் நின்று வேடிக்கை பார்த்த சிறுவர்களுக்கும் இது ஏற்படலாம்.

• கண்களைக் கசக்காதீர்கள். இருண்ட அறையில் கண்களை மூடி, குளிர்ந்த ஈரத்துணியை மேலே வையுங்கள்.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடாதீர்கள்.
• மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் பயன்படுத்தாதீர்கள். அது புண் ஆறுவதைத் தடுக்கும்.
• வலி பொதுவாக 1 அல்லது 2 நாளில் தணியும். ஒரு கண்ணில் மட்டும் வலி இருப்பின், இரும்புத் துகள் பதிந்திருக்கலாம். அதை நீங்களே எடுக்க முயலாமல் கண் மருத்துவரை அணுகுங்கள்.

மாலையில் வரும் காய்ச்சல்

துத்தநாகப் பூச்சுள்ள குழாய், தகடு ஆகியவற்றைப் பற்றவைக்கும்போது எழும் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை தோன்றலாம். இது பெரும்பாலும் ஓய்வில் குணமாகும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருப்பின் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் தொழிலையும் பற்றவைத்த பொருளையும் தவறாமல் கூறுங்கள்.

தீக்காயம்

• ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம்.
• மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.
• பற்பசை, மை, மஞ்சள், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.
• ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல், தரையில் படுத்து உருள வேண்டும்.

மின் அதிர்ச்சி

ஈரமான படகுத் தளமும் வியர்வையும் மின்சாரம் உடலில் பாய்வதை எளிதாக்குகின்றன. முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். அதுவரை பாதிக்கப்பட்டவரைத் தொடாதீர்கள். உணர்வின்றி, இயல்பான மூச்சும் இல்லையெனில், உடனே 108-ஐ அழைக்கச் செய்து, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துங்கள். மயங்கி எழுந்தவர் நலமாகத் தோன்றினாலும் இ.சி.ஜி. பரிசோதனை அவசியம்.

பணி முடிந்த பின் பற்றும் தீ

தீப்பொறி ஏறத்தாழ 10 மீட்டர் வரை தெறிக்கும். வலை, கயிறு, மீன் அறையின் தெர்மோகோல் ஆகியவற்றில் விழுந்த பொறி, கண்ணுக்குத் தெரியாமல் கனன்று பின்னர் தீயாகலாம். தகட்டின் மறுபக்கம் உள்ள பொருளும் வெப்பத்தால் பற்றிக்கொள்ளும்.

• எரியக்கூடிய பொருள்களை முன்னதாகவே அகற்றுங்கள்.
• காலியான டீசல் தொட்டியிலும் ஆவி தங்கி வெடிக்கக்கூடும். முறையாகச் சுத்தம் செய்து, ஆவி இல்லையென உறுதிசெய்யாமல் பற்றவைக்காதீர்கள்.
• மணல் வாளியும் உலர் பொடித் தீயணைப்பானும் அருகில் இருக்கட்டும். எண்ணெய்த் தீயிலும் மின் தீயிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
• பணி முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கிருந்து கண்காணிக்க வேண்டும்.
• முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி ஆகியவற்றை அணியுங்கள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி பாதுகாப்பளிக்காது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

முகம், கை, மூட்டு ஆகியவற்றில் ஏற்பட்ட தீக்காயம், உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம், மின் அதிர்ச்சி, பார்வைக் குறைவு, மூச்சுத்திணறல். கம்பி குத்திய காயத்திற்கு டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள்.

அவசர ஊர்தி: 108. தீயணைப்பு: 101. மருத்துவ ஆலோசனை: 104.