கலப்பு வடிவத் துப்பாக்கிகளும் தோட்டாத் தேர்வும்: இஷாப்பூர் 2ஏ1 முதல் பல்விட்ட ரைபிள் வரை

முன்னுரை

இந்தியத் தரைப்படையின் துப்பாக்கி வரலாற்றைப் பேசும் எழுத்துகளில் இன்சாஸ் ரைபிள் பெரும்பாலும் ஒரே தீர்ப்போடு முடித்துவைக்கப்படுகிறது. பல நாட்டு வடிவங்களிலிருந்து உறுப்புகளை எடுத்து ஒன்றுசேர்த்ததால் அது தோற்றது என்பதே அத்தீர்ப்பு. அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு மரபில் உருவான இயங்குமுறையையோ உறுப்புகளையோ வேறொரு மரபின் தோட்டாவோடு இணைத்த ரைபிளே இங்குக் கலப்பு வடிவம் எனப்படுகிறது. அவ்வகையில் இந்தியாவின் முதன்மையான கலப்பு ரைபிள் இன்சாஸ் அன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இஷாப்பூரில் ஒன்று உருவாகிவிட்டது.

பழைய இயங்குமுறை, புதிய தோட்டா

1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் இந்தியக் காலாட்படையின் பெரும்பகுதி .303 தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்டு ரைபிளையே ஏந்தியது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுட வேண்டிய துப்பாக்கி அது. அதன் தோட்டா 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. நேட்டோ நாடுகள் 1954இல் ஏற்றுக்கொண்ட 7.62 × 51 மி.மீ. தோட்டாவுக்கு இந்தியாவும் மாறியது. இத்தோட்டாவைச் சுடும் எஸ்எல்ஆர் ரைபிள், படை முழுமைக்கும் உடனே கிடைக்கக்கூடியதாக இல்லை. இடைவெளியை நிரப்ப மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை தனக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பழகியிருந்த லீ-என்ஃபீல்டு வடிவத்தையே புதிய தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியது. 2ஏ, 2ஏ1 என்ற ரைபிள்கள் இவ்வாறு பிறந்தன.

இவை பழைய .303 ரைபிள்களின் குழலை மாற்றியமைத்தவை எனச் சிலர் எழுதுவது தவறு. புதிய தோட்டாவின் அழுத்தம் மிகுதி என்பதால் வலிமை கூடிய எஃகில் இவை புதிதாகவே செய்யப்பட்டன. .303 தோட்டாவின் அடிப்புறத்தில் உறையைவிட அகன்ற விளிம்பு உண்டு, 7.62இல் அது இல்லை. ஆகவே உறையைப் பற்றி இழுக்கும் கொக்கியும் மேகசினும் மாற்றப்பட்டன. மேகசின் பத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு தோட்டாக்களைக் கொண்டது. மற்றவை பெரும்பாலும் பழையனவே.

தோட்டா முன்னரே முடிவாகியிருந்தது. எஸ்எல்ஆரும் அதே தோட்டாவைச் சுட்டது. எனவே வழங்கலில் புதுச் சிக்கல் எழவில்லை. மாற்ற வேண்டிய உறுப்புகள் எவை என்பதைத் தோட்டாவே தீர்மானித்தது. 2ஏ1 மெதுவாகச் சுடும் துப்பாக்கி என்பது உண்மை. எனினும் அது தற்காலிகத் தீர்வு என்ற எல்லைக்குள் ஒழுங்காக வேலை செய்தது. அத்தற்காலிகம் பல பத்தாண்டுகள் நீண்டு, போல்ட் வகைத் துப்பாக்கிகள் 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலின்போதும் காவலர் சிலர் கையில் இருந்தன என்பது வேறு வரலாறு. அதற்குத் துப்பாக்கியை வடிவமைத்தவர்களைக் குறைகூற இயலாது.

இன்சாஸ்: குறை எங்கே இருந்தது?

1980களில் 5.56 × 45 மி.மீ. தோட்டாவுக்கு மாற முடிவு செய்யப்பட்டது. இதற்குரிய காரணம் எடை. 7.62 × 51 தோட்டா ஒன்றின் எடை ஏறத்தாழ 24 கிராம், 5.56இன் எடை ஏறத்தாழ 12 கிராம். ஒரே சுமையில் இருமடங்கு தோட்டாக்களை வீரர் எடுத்துச் செல்லலாம், பின்னுதைப்பும் குறைவு. புணேயிலுள்ள படைக்கல ஆராய்ச்சி, வளர்ச்சி நிறுவனம் வடிவமைத்த இன்சாஸ், ஏகேஎம் ரைபிளின் வாயு பிஸ்டனையும் சுழலும் போல்ட்டையும் அடிப்படையாகக் கொண்டது. வாயுச் சீராக்கி ஃபால் ரைபிளை நினைவூட்டுவது. இடப்புறம் முன்தள்ளி அமைந்த இழுபிடி ஜெர்மானிய வடிவங்களை ஒத்தது. தொடர்ச்சியாகச் சுடும் வசதிக்குப் பதிலாக மும்மூன்றாகச் சுடும் அமைப்பு சேர்க்கப்பட்டது.

1999ஆம் ஆண்டு கார்கில் போரில் எழுந்த குறைபாடுகளை இங்கு நினைவுகூர வேண்டும். கடுங்குளிரில் நெகிழி மேகசின்கள் விரிசல் கண்டன, தோட்டாக்கள் சிக்கின, மும்மூன்றாகச் சுட வேண்டிய ரைபிள் தொடர்ந்து சுட்டது, சுடுபவர் கண்ணில் எண்ணெய் தெறித்தது. இக்குறைகளுள் முதன்மையானவை கடன் பெற்ற அடிப்படை இயங்குமுறையைச் சார்ந்தவை அல்ல. மேகசினும் மும்முறைச் சுடும் அமைப்பும் அதனோடு புதிதாகச் சேர்க்கப்பட்டவை.

இதற்கு வலுவான ஒப்பீடு இஸ்ரேலின் கலீல் ரைபிள். அதுவும் கலாஷ்னிகோவ் இயங்குமுறையை, பின்லாந்து வடிவத்தின் வழியாக, 5.56 தோட்டாவோடு இணைத்த கலப்பே. அது 1970களிலேயே நம்பகமான ரைபிளாகப் பெயர்பெற்றது. அதன் மேகசின் எஃகாலானது. கலாஷ்னிகோவின் மூலத் தோட்டாவான 7.62 × 39இன் உறை நன்கு கூம்பியது. மேகசின் பெரிதும் வளைந்திருப்பதும் உறை எளிதில் வெளிவருவதும் அதனால்தான். 5.56இன் உறையில் கூம்பல் குறைவு. ஆதலால் இயங்குமுறையை அப்படியே எடுத்தாலும் மேகசினைப் புதிதாகச் சிந்தித்தாக வேண்டும். கலப்பு வடிவத்தின் உண்மையான தேர்வு அங்கேயே நடக்கிறது. கார்கிலில் இன்சாஸ் தடுமாறியதும் அவ்விடத்தில்தான்.

மற்றொரு குறை தொழிற்சாலைக்கு வெளியே இருந்தது. 5.56 ரைபிளும் அதற்கான தோட்டாவும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. 1990களின் தொடக்கத்தில் 7.62 × 39 தோட்டாவைச் சுடும் ஏகேஎம் வகை ரைபிள்கள் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்பட்டன. இவ்வாறு புதிய தோட்டா நிலைகொள்ளும் முன்னரே அதற்குப் போட்டியாக இன்னொன்று படைக்குள் நுழைந்தது. கிளர்ச்சி எதிர்ப்புப் பணியில் இருந்த வீரர்கள் பலர் இந்த ரைபிளையே விரும்பினர். 2005இல் நேபாளப் படை இன்சாஸ் மீது குறை கூறியபோது, முறையற்ற பயன்பாடு காரணமாக இருக்கலாம் என இந்தியத் தரப்பு விடையளித்தது.

முடிவெடுக்காத தோட்டா

2011இல் தரைப்படை கோரிய ரைபிள் இச்சிக்கலின் உச்சம் எனலாம். குழலை மாற்றினால் ஒரே துப்பாக்கி 5.56 × 45 தோட்டாவையும் 7.62 × 39 தோட்டாவையும் சுட வேண்டும் என்பது கோரிக்கை. 5.56இன் அடிப்பகுதி 9.6 மி.மீ.; மற்றதன் அடிப்பகுதி ஏறத்தாழ 11.35 மி.மீ. ஆகவே குழலோடு போல்ட்டின் முகப்பும் மேகசினும் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னர்க் குறியைச் சரிபார்க்க வேண்டும். இந்திய நிறுவனம் உருவாக்கிய மாதிரி 6.8 மி.மீ. தோட்டாவையும் சேர்த்துக்கொண்டது. பொறியியல் நோக்கில் இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் எந்தத் தோட்டா என்று தலைமை எடுக்க வேண்டிய முடிவு, போர்க்களத்தில் நிற்கும் வீரரின் முதுகுப்பையில் உதிரி உறுப்பாக ஏற்றப்பட்டது. 2015இல் அக்கோரிக்கை கைவிடப்பட்டது.

பின்னர் வந்தவை தனித்தனி வழிகளில் சென்றன. இன்சாஸையும் தயாரித்த திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை, 7.62 × 39 தோட்டாவுக்குரிய திருச்சி ரைபிளை உருவாக்கியது. அதில் கலப்பு ஏதுமில்லை. ஏகேஎம் வடிவம், அதற்கே உரிய தோட்டா. 2019இல் 72,400 சிக் 716 ரைபிள்கள் 7.62 × 51 தோட்டாவில் வாங்கப்பட்டன. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 ரைபிள்களை அமேதி மாவட்டக் கோர்வாவில் தயாரிக்க ஒப்பந்தமாயிற்று. அதன் தோட்டா மீண்டும் 7.62 × 39. இன்சாஸும் முற்றிலும் விலகவில்லை. ஆக மூன்று தோட்டாக்கள் ஒரே படையில் உள்ளன. அவற்றுள் இரண்டு 7.62 என்ற ஒரே எண்ணால் வழங்கப்படினும், உறையின் நீளத்திலேயே வேறுபடுவதால் ஒன்றின் குழலில் மற்றொன்றைப் பயன்படுத்த இயலாது.