கப்பலேறுமுன் கையெழுத்து: கடல் தொழிலாளர் உரிமை கடந்து வந்த பாதை

மதுரைப் பங்கின் விழா மலரிலே கப்பலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். வைகையில் தண்ணீர் புரண்டு வரும் நாளைத் திருநாளாக எண்ணும் நமக்கு, கடல் என்பது வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை போகும்போது கண்டு வியக்கும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

ஆயினும் கடலோடு உறவே இல்லாத ஊர் அன்று நம் மதுரை. மதுரையை ஆண்ட பாண்டியரின் செல்வமெல்லாம் கொற்கைத் துறையின் முத்தில் விளைந்தது. 1914-ம் ஆண்டில் தனுஷ்கோடி வழி திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு சென்றவர்கள் மதுரை வழியாகத் தூத்துக்குடி சென்றே கப்பலேறினர். இன்றோ அருப்புக்கோட்டை சாலையில் கப்பல் கல்விக்கூடமே இருக்கிறது. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடை அணிந்து கப்பல் வேலைக்குப் படிக்கிறார்கள். கேட்டரிங் படித்த இளைஞர்கள் உல்லாசக் கப்பல்களின் சமையற்கூடங்களுக்குப் போகிறார்கள்.

கடற்கரையில் பிறந்த பையனுக்குக் கப்பல் வேலையின் நெளிவுசுளிவுகளை அப்பனும் மாமனும் சொல்லிக் கொடுப்பார்கள். நம் வட்டாரப் பையனுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஏஜெண்டு சொல்வதே வேதவாக்காகி விடுகிறது. நிலத்தை ஒற்றி வைத்தும் நகையை அடகு வைத்தும் பணம் கட்டிவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத காகிதத்தில் பிள்ளை கையெழுத்திடுகிறான். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட போராட்டம் ஒன்று இருக்கிறது. அதை நம் பங்கு மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தினாலேயே இவ்வரலாற்றைச் சுருங்கக் கூற முற்படுகிறோம்.

செராங்கின் கையில்

ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டு மாலுமிகளை 'லஸ்கார்' என்று அழைத்தனர். சில்ஹெட், சிட்டகாங், கோவா, கொங்கணம், குஜராத் முதலிய பகுதிகளிலிருந்து அவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். அவர்களுக்கென்று தனியான ஒப்பந்தம் இருந்தது. ஒரே கப்பலில் ஒரே வேலையைச் செய்த வெள்ளையருக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு சிறு பகுதியே இவர்களுக்குக் கிடைத்தது. படுக்கும் இடமும் குறைவு, உணவும் மட்டம்.

ஆட்களைச் சேர்ப்பவர் செராங் எனப்பட்ட மேஸ்திரி. அவருக்கும் தரகருக்கும் கையூட்டுக் கொடுத்தால்தான் வேலை. கையில் பணமில்லாதவன் கடன்பட்டுக் கொடுத்தான். கப்பலில் உழைத்து அந்தக் கடனை அடைத்தான். திரும்பி வந்து அடுத்த கப்பலுக்காக மறுபடியும் கடன்பட்டான். 1929-ல் அமைக்கப்பட்ட விட்லி தொழிலாளர் கமிஷன் மாலுமிகளைச் சேர்க்கும் முறையில் இருந்த இந்த ஊழலையும் ஆராய்ந்தது.

இத்தகைய நிலையிலும் ஏழைகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் கொண்டனர். கோவாவிலிருந்து பம்பாய்க்கு வந்த கத்தோலிக்க மாலுமிகள் ஊருக்கொரு விடுதியாக ஏற்படுத்திக்கொண்டனர். கொங்கணியில் அதற்குக் 'கூட்' என்று பெயர். கப்பல் கிடைக்கும் வரை மிகக் குறைந்த செலவில் அங்கே தங்கலாம். ஒவ்வொரு விடுதியிலும் ஊர்ப் பாதுகாவலரின் பீடம் இருந்தது. மாலையில் ஜெபமாலைக்கு எல்லோரும் கூடியாக வேண்டும் என்பது விதி. இன்றைய இந்திய மாலுமிகள் தேசியச் சங்கம் தன் தொடக்கத்தை 1896-ல் பம்பாயில் தோன்றிய கோவா மாலுமிகளின் சங்கத்தில் காண்கிறது.

முதல் உலகப் போரில் 3,427 லஸ்கார்கள் மாண்டனர். இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்திய மாலுமிகள் 6,600 பேருக்கு மேல். 1939-ல் போர் மூண்டவுடன், எங்கள் உயிருக்கு இவ்வளவுதான் விலையா என்று கேட்பதுபோல் அவர்கள் இங்கிலாந்துத் துறைமுகங்களிலும் பிறவிடங்களிலும் வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறை சென்றனர். ஆனால் சம்பளம் உயர்ந்தது.

மூழ்கிய கப்பலும் நின்ற சம்பளமும்

ஒரு காலத்தில் கப்பல் கரை சேர்ந்து சரக்குக் கூலி கிடைத்தால்தான் மாலுமிக்குச் சம்பளம் என்பதே ஆங்கிலச் சட்டமாக இருந்தது. 1854-ம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிற்று. எனினும் கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளமும் நிற்கும் என்ற விதி நீடித்தது. 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது அதில் பணியாற்றியவர்களின் சம்பளக் கணக்கு அந்தத் தேதியோடு முடிக்கப்பட்டது. குளிர்ந்த கடலில் தத்தளித்துப் பிழைத்தவனுக்கு மறுநாள் வேலையும் இல்லை, வருமானமும் இல்லை!

1919-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தோன்றியது. மறு ஆண்டே அது இத்தாலியின் ஜெனோவா நகரில் மாலுமிகளுக்கென்று தனி மாநாடு கூட்டிற்று. கப்பல் அழிந்து வேலையிழந்தவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரை ஈட்டுத்தொகை தர வேண்டும் என்றும், வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் பணம் பெறக்கூடாது என்றும் உடன்படிக்கைகள் உருவாயின. 1926-ல் எழுந்த உடன்படிக்கைகள் ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும், மாலுமியை ஊர் சேர்ப்பது யார் பொறுப்பு என்பவற்றை வரையறுத்தன.

அதே 1920-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கடலோடிகளுக்கான கத்தோலிக்கத் திருத்தூதுப் பணி தொடங்கியது. 1922-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அதை ஏற்று ஆசீர்வதித்தார். கடலின் விண்மீன் எனப் பொருள்படும் 'ஸ்தெல்லா மாரிஸ்' என்ற பெயரில் இன்று உலகத் துறைமுகங்களில் அது பணியாற்றுகிறது. நமக்கு அருகே தூத்துக்குடியிலும் உண்டு.

மதுரையின் பங்கு

இவ்வரலாற்றில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது அதற்குத் தலைவராயிருந்தவர், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. கப்பல் ஓட்டிய அதே சிதம்பரனார்தாம் 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் துணை நின்றார். மதுரையில் நம் முன்னோர் பலர் உழைத்த ஹார்வி ஆலையின் உடைமையாளர்களே கோரல் ஆலைக்கும் உடைமையாளர்கள். கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் தொழிலாளருக்குக் கிடைத்தன. சிதம்பரனாருக்கோ சிறை கிடைத்தது. நாட்டின் உரிமையையும் தொழிலாளியின் உரிமையையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

சட்டம் தந்த உரிமைகள்

சுதந்திர இந்தியாவில் 1958-ல் வணிகக் கப்பல் சட்டம் வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்குவது குற்றம். சம்பள உரிமையை விட்டுக்கொடுப்பதாக மாலுமியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்றெல்லாம் அது விதித்தது. 2025-ல் பாராளுமன்றம் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது.

2006 பிப்ரவரியில் ஜெனீவாவில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை நிறைவேறியது. பழைய உடன்படிக்கைகள் பலவற்றையும் ஒன்றாகத் திரட்டிய இது 2013-ல் நடைமுறைக்கு வந்தது. 2015 அக்டோபர் 9-ல் இந்தியா இதை ஏற்றது. இதன்படி, கப்பலில் எந்த வேலை செய்பவரும் கடல் தொழிலாளரே. ஆகவே எஞ்சின் அறையில் நிற்பவருக்குள்ள உரிமை, உல்லாசக் கப்பலில் தட்டு கழுவும் நம் பிள்ளைக்கும் உண்டு. அவற்றுள் முக்கியமானவற்றைக் கூறுகிறோம்.

வேலை வாங்கித் தருவதற்கென்று தொழிலாளியிடம் ஒரு காசும் பெறக்கூடாது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகமாகிய சி.டி.சி., மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சாரலாம். படிப்புக்கான கட்டணம் வேறு. வேலைக்கான தரகு வேறு. இரண்டையும் குழப்பிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

சம்பளம் மாதத்துக்கு ஒரு முறையாவது தரப்பட வேண்டும். அதில் ஒரு பகுதியை நேராகக் குடும்பத்துக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும். ஓய்வைக் கணக்கிட்டால், நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணியும் வாரத்துக்கு 77 மணியும் இருக்க வேண்டும். 16 வயது நிரம்பாதவரைக் கப்பலில் சேர்க்கக்கூடாது. பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் ஊர் திரும்பும் உரிமை உண்டு. அச்செலவு கப்பல் உடைமையாளருடையது.

உடைமையாளர் இரண்டு மாதமாவது சம்பளம் தராமல் உறவை அறுத்துக்கொண்டாலும், உணவும் துணையுமின்றித் தவிக்க விட்டாலும், ஊர் சேர்க்க மறுத்தாலும் தொழிலாளி 'கைவிடப்பட்டவர்' ஆகிறார். அப்போது காப்புறுதியிலிருந்து நான்கு மாதச் சம்பளம் வரையும், உணவும், ஊர் திரும்பும் செலவும் கிடைக்க வேண்டும். 2017 ஜனவரி முதல் இது நடைமுறையில் உள்ளது. அந்தக் காப்புறுதிச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் காணும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். மேலும், 2017-ம் ஆண்டு இந்தியக் கடல்சார் வழக்குச் சட்டப்படி சம்பளப் பாக்கிக்காகக் கப்பலையே பிடித்து நிறுத்தலாம். கப்பல் ஏலம் போனால் வங்கியின் அடமானக் கடனுக்கும் முந்தித் தொழிலாளியின் கூலி நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் கைவிடப்பட்டனர். அவர்களில் 899 பேர் இந்தியர். வேறெந்த நாட்டவரும் இவ்வளவு பேர் இல்லை.

மதுரை நீதிமன்றத்தில் ஒரு கப்பல்

2013 அக்டோபர் 12-ல் 'சீமேன் கார்டு ஓகியோ' என்ற கப்பலைத் தூத்துக்குடிக் கடலில் கடலோரக் காவற்படை மடக்கியது நினைவிருக்கலாம். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கப்பல். பறந்ததோ ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டுக் கொடி. கடற்கொள்ளையரைத் தடுக்கும் காவலரும் மாலுமிகளுமாக 35 பேர் அதில் இருந்தனர். எஸ்டோனியர், பிரிட்டிஷார், உக்ரேனியர், இந்தியர். உரிய அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு. 2014-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை குற்றச்சாட்டை ரத்து செய்தது. 2015-ல் உச்சநீதிமன்றம் விசாரணை நடத்த ஆணையிட்டது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பர் 27-ல் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த கடலோடிகள் மிஷன் அவர்களுடைய குடும்பங்களுக்குத் துணை நின்றது.

வழக்கின் சட்ட நுணுக்கங்கள் நமக்கு வேண்டா. ஒன்றை மட்டும் கவனிப்போம். கப்பல் எந்தக் கொடியின் கீழ் ஓடுகிறது, எந்த அனுமதியோடு என்ன ஏற்றிச் செல்கிறது என்பவற்றைத் தீர்மானிப்பவர் வேறு; சிக்கல் வந்தால் சிறையில் கிடப்பவர் கூலிக்கு வேலை செய்தவர். நான்காண்டுகள் அக்குடும்பங்கள் பட்ட பாட்டை மதுரை கண்ணாரக் கண்டது.

நம் பங்கின் கடமை

1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஓர் உண்மையை வற்புறுத்தினார். வறுமையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்குத் தொழிலாளி உடன்பட்டாலும் அது நீதியான உடன்பாடு ஆகாது என்பதே அது. செராங்கிடம் கைநாட்டு வைத்த லஸ்காருக்கும் ஏஜெண்டிடம் கையெழுத்திடும் நம் பிள்ளைக்கும் அது ஒருங்கே பொருந்தும்.

2006-ம் ஆண்டு உடன்படிக்கையில் பலரும் அறியாத விதி ஒன்று உண்டு. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், பிறரிடம் ஆலோசனை கேட்கவும் தொழிலாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும். கையெழுத்தான மூலப் பிரதி ஒன்றும் அவன் கையில் இருக்க வேண்டும். "இப்போதே கையெழுத்துப் போடு, இல்லையேல் வேறு ஆள்" என்று அவசரப்படுத்துபவர் இந்த உரிமையைப் பறிக்கிறார்.

ஆலோசனை கேட்க உரிமை இருந்தென்ன, சொல்ல ஆள் வேண்டாமா? இங்கேதான் நம் பங்குக்கு வேலை இருக்கிறது. ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்களும் சட்டம் படித்தவர்களும் நம்மிடையே உள்ளனர். வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் இயக்கத்தினரும் முன்வந்தால், கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளையின் ஒப்பந்தத்தை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்துச் சொல்லலாம். உடைமையாளரின் பெயரும் முகவரியும் உள்ளனவா? சம்பளம், விடுப்பு, மருத்துவம், ஊர் திரும்பும் செலவு எழுதப்பட்டுள்ளனவா? ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் உண்டா? உரிம எண்ணை இயக்குநரகத்தின் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சில கேள்விகள் ஒரு குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் காக்கக்கூடும். சமயத்தில் ஒரு மகனையே காக்கக்கூடும்.

ஆண்டுதோறும் ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாகத் திருச்சபையில் நினைவுகூரப்படுகிறது. கடலில்லாத நம் பங்கிலும் அன்றைய விசுவாசிகள் மன்றாட்டில் கடலோடிகளைச் சேர்த்துக்கொள்வோம். அதோடு, கப்பலேறக் காத்திருக்கும் பிள்ளை எவனும் நம் பங்கில் தனியாக உட்கார்ந்து கையெழுத்திட வேண்டிய நிலை இனி வாராதபடி பார்த்துக்கொள்வோம் என்பதே இவ்விழா மலரின் வாயிலாக நாம் விடுக்கும் அன்பான வேண்டுகோள்.