தொடக்கநிலைச் சிறுவர் நூல்களும் அவற்றை மதிப்பிடும் அளவுகோல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான பருவத்தில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையிலிருந்து தாமே விரும்பிப் படிக்கும் நிலைக்கு நகர்கின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்பருவத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பல மொழிகளுக்கிடையே வளர்கின்றனர். பாடநூலுக்கு அப்பால் அவர்கள் கையில் எடுக்கும் முதல் தமிழ் நூல் சலிப்பூட்டினால், இரண்டாவது நூலை எடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வண்ணமயமான ஆங்கில நூல் அருகிலேயே உள்ளது. எனவே, இப்பருவத்தினருக்குரிய நூலை எவ்வாறு மதிப்பிடுவது என்பது மொழியின் வருங்காலத்தோடு பிணைந்த வினாவாகும். காலந்தோறும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டன என்பதனையும், அவ்வளவுகோல்கள் இன்று போதுமானவையா என்பதனையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

அறமும் மனனமும்

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளின் முதல் நூல்களாக ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் விளங்கின. இவை அகரவரிசையில் அமைந்தவை. எழுத்தறிவையும் அறத்தையும் ஒருங்கே ஊட்டுவது இவ்வமைப்பின் சிறப்பாகும். எனினும், பிள்ளை முதலில் மனனம் செய்தது. பொருள் பின்னரே விளங்கியது. படிப்பது என்பதும் ஒப்பிப்பது என்பதும் அன்று ஏறத்தாழ ஒன்றாகவே கருதப்பட்டன.

19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) எழுதிய பாலபாடங்கள் இந்நிலையில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தின. 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியொன்றை நிறுவிய நாவலர், கிறித்துவச் சமயப் பரப்பாளர்களின் பள்ளி நூல்களுக்கு மாற்றாகப் படிநிலை கொண்ட நூல்களை உரைநடையில் ஆக்கினார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் அந்நெறி இன்றும் போற்றத்தக்கது. ஆயினும், நூலின் தகுதியை உறுதி செய்தது அதன் அறமும் சமயமுமே. பிள்ளையின் விருப்பம் என்பது அளவுகோலாக இன்னும் உருப்பெறவில்லை.

செவியின் காலம்

20ஆம் நூற்றாண்டில் பிள்ளையின் செவி கவனம் பெற்றது. பாரதியாரின் பாப்பா பாட்டு 1915இல் வெளிவந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிள்ளைகளுக்கென எளிய சந்தத்தில் பாடல்கள் இயற்றினார். அவருக்குப் பின் வந்த அழ. வள்ளியப்பா (1922–1989) தம் வாழ்நாளையே இத்துறைக்கு ஒப்படைத்தார். 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கும் அவரது முயற்சி துணைநின்றது. அறம் மறையவில்லை, ஆனால் அது ஓசையின்பத்தோடு கலந்து வந்தது.

எனினும், ஒரு வேறுபாடு இங்கு நோக்கத்தக்கது. பாடலைப் பிள்ளை கேட்டே கற்றுவிடும்; பக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பாடத் தெரிந்த பிள்ளை படிக்கத் தெரிந்த பிள்ளை ஆகிவிடுவதில்லை. செவிக்கு இனிய நூல் கண்ணுக்கு எளிய நூலாகவும் இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

மலாயாச் சூழல்

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைப்பதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆயின், அப்பள்ளிகளில் பயன்பட்ட நூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வந்தன. ரப்பர் மரத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளை ஏற்றம் இறைப்பதையும் பனையோலை வேய்வதையும் படித்தது. 1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் மலாயாவை மையமாகக் கொண்ட பொதுப் பாடத்திட்டத்தை வலியுறுத்திய பின்னரே, உள்நாட்டுச் சூழல் பாடநூலில் உறுதியான இடம்பெற்றது. ஒரு பிள்ளை தன் உலகைத் தன் மொழியில் காண வேண்டும் என்பது இக்காலம் தந்த மூன்றாவது அளவுகோல் எனலாம்.

கண்ணின் அளவுகோல்

அறம், ஓசை, சூழல் ஆகிய மூன்றும் நூலின் உள்ளடக்கத்தையும் நடையையும் அளப்பவை. படிக்கும் செயலை அளக்கும் கருவி இவற்றுள் இல்லை. ஆங்கிலத்தில் 1957இல் டாக்டர் சூஸ் எழுதிய ‘தி கேட் இன் தி ஹேட்’ என்னும் நூல் 236 வெவ்வேறு சொற்களை மட்டுமே கொண்டு, புதிதாகப் படிக்கக் கற்றவர்களையும் சிரிக்க வைத்தது. சொல் வரம்பு சலிப்புக்குக் காரணமாக வேண்டியதில்லை என்பதனை அது மெய்ப்பித்தது.

ஆனால், அச்சொற்கணக்கைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. ‘ஓடு’ என்பதனை அறிந்த பிள்ளைக்கு ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்பதும் ஒரே சொல்தான். ஆயினும் அதில் பத்து எழுத்துகள் உள்ளன. எனவே, தமிழில் எத்தனை சொற்கள் என்பதைவிட, ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள், எத்தனை ஒட்டுகள், புணர்ச்சியால் எத்தனை சொற்கள் ஒட்டி நிற்கின்றன என்பனவே கணக்கிடத்தக்கவை.

எழுத்துகளுக்கும் இது பொருந்தும். 247 எழுத்துகளும் ஒரே அளவில் வழங்குவதில்லை. ஙகர வரிசையில் ‘ங்’ ஒன்றே பெருவழக்குடையது. அவ்வாறிருந்தும் படநூல்கள் அகரவரிசையைப் பின்பற்றி, பிள்ளை எங்கும் கேட்டிராத ‘ஔடதம்’ போன்ற சொற்களைத் தொடக்கத்திலேயே வைக்கின்றன. மேலும், பெரியார் 1935 முதல் தம் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளுட் சிலவற்றைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அவை இந்நாடுகளிலும் வழக்காயின. அதற்கு முன் அச்சான நூல்களில் உள்ள ‘லை’, ‘னை’, ‘றா’ ஆகியவற்றின் பழைய வடிவங்கள் இன்றைய பிள்ளைக்கு அறிமுகமற்றவை. சிறந்த பழைய நூலும் மறுபதிப்பின்றி அதற்கு எட்டாது.

பேச்சும் எழுத்தும்

வீட்டில் ‘வந்துச்சு’ என்று கேட்ட பிள்ளை நூலில் ‘வந்தது’ என்று படிக்க வேண்டியுள்ளது. தமிழ் பேசாத வீட்டுப் பிள்ளைக்கு இரண்டுமே புதியவை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. எடுத்துரைப்பை எளிய எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் உரையாடலைத் திருத்தமான பேச்சுத்தமிழிலும் அமைப்பது இவ்விடைவெளிக்கு ஒரு பாலமாகலாம். அவ்வாறு அமைந்த நூலைக் ‘கொச்சை’ எனத் தள்ளிவிடுவது முறையன்று.

முடிவுரை

நம் முன்னோர் வகுத்த அளவுகோல்கள் தவறானவையல்ல. அவை முழுமை பெறாதவை. இத்தொகுப்பில் வரலாறு விடுத்துச்சென்ற அளவுகோல் ஒன்றே: அப்பக்கத்தைப் பிள்ளை தன் கண்ணால், பிறர் துணையின்றிப் படித்து முடிக்குமா என்பது. இதற்கு விடைகாண அறிஞர் குழு மட்டும் போதாது. நூலைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து அது எங்கே தடுமாறுகிறது, எங்கே சிரிக்கிறது, எந்தப் பக்கத்தில் நூலை மூடிவைக்கிறது என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பரிசளிப்போரும் நூலகத்துக்கு நூல் வாங்குவோரும் அக்குறிப்புகளைக் கேட்டுப் பெற வேண்டும். அறத்தை எண்ணி எழுதப்பட்ட நூலும் படிக்கப்பட்டால்தான் அறம் புகட்டும்.