புதுச்சேரித் திவான்

புதுச்சேரியில் பகல் ஒரு மணி கழிந்ததும் கடைகள் பல கதவடைத்துவிட, மாலை நான்கு மணி வரையில் தெருக்கள் வெயிலுக்கே விடப்படும் வழக்கம், பிரெஞ்சுக் கொடி இறங்கி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. அந்த மத்தியான ஓய்வுக்கென்றே அமைந்தாற்போன்ற ஆசனந்தான் நாம் திவான் என்று வழங்கும் கட்டில். இராத்திரி நித்திரைக்குரிய அறையில் அன்றி, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்திலோ கூடத்திலோ கிடந்து, உட்காரவும் சாயவும் கண்ணயரவும் வந்தவரோடு பேசியிருக்கவும் உதவுவது அது. பழைய திவான் ஒன்றைத் தம் வீட்டுக்கு வாங்க விரும்புவோர் அதன் மெருகையும் சித்திர வேலையையும் கண்டு மயங்கி விலை பேசிவிடுகின்றனர்; அதன் சரித்திரத்தை ஓரளவேனும் அறிந்து அணுகினால், விற்பவர் சொல்லும் கதையைக் காட்டிலும் மரம் சொல்வதே மெய் என்பது விளங்கும்.

கட்டில் நமக்குப் புதியதன்று. பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலை நெடுநல்வாடை விரிவாக வருணிக்கிறது. ஆயினும் சாதாரண கிரகஸ்தருக்குப் பகல் ஓய்வுக்குத் திண்ணையும் கோரைப்பாயும் போதும்; வசதி படைத்தோர் வீட்டில் ஊஞ்சற்பலகை இருக்கும். தரையில் அமர்ந்து பழகாத ஐரோப்பியர் நிலை வேறு. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் மாளிகைகளில், உள்ளே குதிரைமயிர் திணித்து மேலே பட்டுப் போர்த்த நீண்ட சாய்விருக்கைகள் பெருமதிப்புப் பெற்றிருந்தன. அத்தகைய மெத்தையைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்தால், உப்புக்காற்றும் பூஞ்சணமும் பூச்சியும் அதை விட்டுவைக்குமா? ஆகவே உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மெத்தை இருந்த இடத்தில் காற்றோடும் பிரம்புப் பின்னலை அமைத்தனர். அப்பின்னலும் ஐரோப்பியர் கண்டதன்று. 17-ஆம் நூற்றாண்டிலே கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் வாயிலாக ஆசியாவிலிருந்து அவர்கள் நாட்டுக்குச் சென்றதே.

புதுச்சேரியில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் காலத்துச் சாமான் என்று சொல்லி எதையும் விற்பது எளிது. வாங்குபவருக்கும் அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. துய்ப்ளே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அவருடைய துபாஷாகிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அக்காலத்து வாழ்வை நாள்தோறும் நமக்குக் காட்டுகிறது. தமிழ் முறையும் பிரெஞ்சு முறையும் கலந்து கட்டிய அவர் மாளிகையும் இன்றும் நிற்கிறது. ஆனால் 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைப்பட்டதும், கோட்டையும் கவர்னர் மாளிகையும் வெள்ளையர் வீடுகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து, அவர்களுடைய கவர்னர் லா தெ லொரிஸ்தோன் நகரை மீண்டும் எழுப்பினார். அதன் பின்னும் ஆங்கிலேயர் இருமுறை வந்து பிடித்துக்கொள்ள, நிலையான அமைதி பிறந்தது 1816-இல்தான். இவ்வளவு அழிவுக்கும் தப்பி ஒரு திவான் இந்நகரத்துக் கூடத்திலேயே கிடந்து வந்தது என்பதை நம்புவது கடினம். துய்ப்ளேயின் கட்டில் என்று பெயர் பெற்ற ஒன்று இங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கண்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொண்டு, கடைகளில் 19-ஆம் நூற்றாண்டுச் சாமானைத் தேடுவதே விவேகம்.

அந்த நூற்றாண்டின் திவானில் குறைவொன்றும் இல்லை. 1800-இல் தாவீது என்னும் ஓவியர் தீட்டத் தொடங்கிய மதாம் ரெக்காமியேயின் சித்திரத்தில் காண்பது போல, இருபுறமும் மேலெழுந்து சுருளும் தலைமாடு கால்மாடுகளை அந்நாளைய மோஸ்தர் விரும்பியது. மாதிரி பிரான்சினுடையது, மரமோ மோல்மேனிலும் ரங்கூனிலும் இருந்து கடல் கடந்து வந்த பர்மாத் தேக்கு, அல்லது மேற்கு மலைத்தொடரின் ஈட்டி, உளி பிடித்த கை தமிழ்த் தச்சருடையது. கடைசற் கால்களும், கழுந்தைத் துளையில் இறக்கி மர ஆணியால் இறுக்கும் பொருத்துகளும் அவர்கள் கைமுறையே. சம்மணமிட்டு அமர இடம் கொடுக்கும் அகலமுள்ள திவான்களைக் காணும்போதெல்லாம், அவற்றைச் செய்தவர்கள் யாருடைய வீட்டுக்குச் செய்கிறோம் என்பதை நன்கறிந்திருந்தனர் என்று எனக்குத் தோன்றும்.

பின்னல் வேலையைச் சற்று அருகிருந்து காண வேண்டும். பிரம்பின் மேற்றோலை மெல்லிய நாராகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, சட்டத்தின் விளிம்பில் வரிசையாக இட்ட துளைகளின் வழியே முதலில் நெடுக்காகவும், பிறகு குறுக்காகவும், மறுபடி நெடுக்கும் குறுக்குமாகவும் இழுத்து, கடைசியில் இரு மூலைவாட்டாகவும் கோத்து முடித்தால், எட்டு மூலையுள்ள சிறு கண்கள் பூத்துவரும். ஈரம் உலர உலர நார் சுருங்கி, தட்டினால் ஒலிக்கும் விறைப்பைப் பெறும். கண்பார்வை அற்றோர் பலர் விரல் உணர்ச்சி ஒன்றையே துணையாகக் கொண்டு இந்த நுட்பத்தைக் கற்று, நம் அலுவலக நாற்காலிகளையெல்லாம் பின்னித் தந்திருக்கின்றனர். இதைவிட மரியாதைக்குரிய கைத்தொழில் எனக்குத் தெரியாது. பிரம்பு தளர்ந்தால் மாற்ற வேண்டியதே ஆகையால், பழைய திவானில் புதுப் பின்னல் இருப்பது குற்றமன்று. துளைகளை மூடிவிட்டுச் சட்டத்தில் காடி வெட்டி, இயந்திரத்தில் நெய்த பிரம்பு விரிப்பை ஒட்டியிருந்தால், அங்கேதான் சட்டம் பலவீனப்பட்டிருக்கும்.

ஆதலின் திவானை முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மெருகு ஏறாத அடிப்பாகத்தில் கைவாளின் நேர்க்கீறல் தெரிந்தால் நல்லது. வளைந்த கீறல் வட்டவாளின் அடையாளம், அது பிற்காலத்தது. கூர்முனையுள்ள திருகாணி 1840-களுக்குப் பிறகே பரவியது. சாயம் பூசி ஈட்டி என்று விற்கப்படும் மரம், அடியில் நகத்தால் சுரண்டியதும் வெளுத்துவிடும். உண்மையான ஈட்டியைத் தூக்கிப் பார்த்தாலே அதன் கனம் தெரியும். உளுத்த காலின் கீழே மாவு உதிரும்.

இச்சாமான்கள் கடைக்கு வந்த வழி துயரம் கலந்தது. 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர், உத்தியோக நிமித்தம் சைகோனுக்கும் பிற பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் சென்று பொருளீட்டி, ஊரில் வீடுகளைச் சிறப்பாக அமைத்தனர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறி, 1962-இல் அதற்குரிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பித் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் பிரான்சிலேயே நிலைத்துவிட, பூட்டிய வீடுகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. அவற்றை அவர்கள் அங்கே கொண்டுசெல்ல நினைத்தாலும் இன்று இயலாது: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், பழங்காலக் கைத்தொழிலையும் வழக்கத்தையும் காட்டும் நூறாண்டு கடந்த பொருள்களைத் தனிப்பட்டவர் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. அத்தகைய பொருள்களில் வியாபாரம் செய்வோரும் அதே சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். திவான் நூறாண்டு கடந்தது என்று சொல்பவரிடம் முதலில் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்வது வாங்குபவருக்கு நன்மை.