பாசம்: எமன் கையிலிருந்து வீட்டுக்கு வந்த சொல்

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள திருக்கடையூர்க் கோயிலில் ஆண்டு முழுவதும் கல்யாணம்தான். அறுபது நிறைந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகள் கூடி நடத்தும் மணிவிழா, எண்பது நிறைந்தவர்களுக்குச் சதாபிஷேகம். "பெத்தவங்க மேல எவ்வளவு பாசம்!" என்று பார்ப்பவர்கள் நெகிழ்கிறார்கள்.

பாசம் என்ற சொல்லின் பழைய பொருள் அதே கோயிலின் தலபுராணத்தில் இருக்கிறது. பதினாறு வயதோடு ஆயுள் முடியவேண்டிய மார்க்கண்டேயன் சிவலிங்கத்தைத் தழுவிக்கொண்டான். எமன் வீசிய சுருக்குக் கயிறு லிங்கத்தையும் சேர்த்துச் சுற்றியது. சிவன் எமனைக் காலால் உதைத்தார். அந்தக் கயிற்றின் பெயர்தான் பாசம். வடமொழியில் அதற்குக் கட்டும் கயிறு, கண்ணி என்று பொருள். பிள்ளையார் கையில் அங்குசத்தோடு இருப்பதும் அதுவே.

ஆயுதமாக இருந்த சொல்லைச் சைவம் தத்துவமாக்கியது. திருவாவடுதுறையோடு பிணைத்துப் பேசப்படும் திருமூலர் பதி, பசு, பாசம் என்று மூன்றைச் சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் அந்தக் கொள்கையை 12 சூத்திரங்களில் வகுத்துத் தந்தது. இறைவன் பதி; உயிர் பசு; ஆணவம், கன்மம், மாயை என உயிரைக் கட்டியிருப்பது பாசம். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் இந்தப் பாடத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காவிரிக்கரையில் காத்து வருகின்றன.

மனைவி, மக்கள், சுற்றம் என்ற கட்டை அறுக்கச் சொன்னார்கள் துறவிகள். குடும்பத்தார் பாசம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அறுக்கும் வேலையை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பற்று, ஒட்டுதல் என்று பிடிப்பையே அன்பாகச் சொல்லிப் பழகிய தமிழில் பாசத்துக்கு இடம் கிடைப்பது கடினமாக இருந்திருக்காது. 1961இல் 'பாசமலர்' திரைப்படம் வந்தபோது, அண்ணன் தங்கை உறவைச் சொல்ல அந்தத் தலைப்பே போதுமானதாக இருந்தது.

இன்றும் காதலர்களுக்கு நடுவே இருப்பதை நாம் முதலில் பாசம் என்பதில்லை. அது காதல். தாய், பிள்ளை, உடன்பிறப்பு, வீட்டில் வளரும் கன்றுக்குட்டி என்று, தேர்ந்தெடுக்காமலே அமைந்த உறவுக்குத்தான் பாசம். ஆனாலும் கயிறு முழுக்க மறையவில்லை. 'பாசம் கண்ணை மறைக்கும்' என்கிறோம், 'பாசத்தில் கட்டுண்டான்' என்கிறோம். பிள்ளையின் படிப்பையும் கல்யாணத்தையும் பாசத்தின் பெயரால் தாமே முடிவு செய்யும் பெற்றோர் இந்தச் சொல்லின் பழைய பொருளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். கட்டு இருக்கட்டும், அது சுருக்காக இறுகாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு.