வெண்கலக் கையும் வளைந்த கையும்

நம் ஊரில் சிலை என்றால் பெரும்பாலும் புலவருக்கும் தலைவருக்கும்தான். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய பத்துச் சிலைகளில் ஏடு பிடித்தவர் உண்டு, சிலம்பு பிடித்தவள் உண்டு. பந்து பிடித்தவர் எவருமில்லை. ஆஸ்திரேலியாவில் வழக்கம் வேறு. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே, பந்து வீசும் கோலத்தில் ஷேன் வார்ன் வெண்கலமாக நிற்கிறார். லூயிஸ் லாமென் என்ற சிற்பி செய்த அச்சிலையை 2011 டிசம்பர் 22-ல் திறந்தபோது, வார்னே நேரில் வந்து தம்மைத் தாமே பார்த்துக்கொண்டார். 2022 மார்ச்சில் அவர் மறைந்ததும், ரசிகர்கள் அதன் காலடியில் மலரோடு பீரையும் சிகரெட்டையும் வைத்தார்கள். குலதெய்வத்துக்குப் படையல் போடும் நமக்கு இது புரியாததா என்ன?

டெஸ்ட் பந்தயங்களில் 708 விக்கெட் எடுத்தவருக்குச் சிலை தகும். ஆனால் அதே மைதானத்தில் இன்னொரு கைக்கு நேர்ந்ததை மறக்கலாகாது.

1995 டிசம்பர் 26. தேயிலைத் தோட்டத்தில் பாடுபடத் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை சென்ற ஒருவரின் பேரன், கண்டி நகரத்து முத்தையா முரளிதரன், அங்கே பந்து வீசினார். வயது 23. கையை மடக்கி எறிகிறார் என்று, டாரல் ஹேர் என்ற அம்பயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ பால்' கூறினார். பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுவதும் நீளாதது. வளைந்தே இருந்த கை, மடங்கி நிமிர்வதாகக் கண்ணுக்குத் தோன்றியது. 1996-ல் விஞ்ஞானிகள் படம் பிடித்து ஆராய்ந்து, அது வெறும் தோற்றமே என்றார்கள். சந்தேகம் ஓயவில்லை. 2004-ல் எஃகுக் கம்பி பதித்த கவசத்தைக் கையில் பூட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்காரர்கள் முன் வீசிக் காட்டினார். பந்து அப்போதும் சுழன்றது! வேடிக்கை என்னவென்றால், நல்ல பேரெடுத்த பந்து வீச்சாளர்கள் பலருடைய கையும் சிறிது நிமிரத்தான் செய்கிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. 15 பாகை வரை போகலாம் என்று 2005-ல் விதியையே திருத்தினார்கள்.

2007-ல் முரளி வார்னின் 708-ஐக் கடந்தார். 2010 ஜூலை 22-ல், காலி நகரில் 800-வது விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அந்த எண்ணை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

வார்னின் கைக்கு ஊரார் உலோகம் வார்த்தார்கள். முரளியோ தம் கைக்குத் தாமே உலோகம் பூட்டிக்கொள்ள நேர்ந்தது. தாம்பரத்திலிருந்தோ மறைமலை நகரிலிருந்தோ மெல்போர்னுக்குப் போகும் நம் பிள்ளைகள் அச்சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே ஒலித்த அந்த ஏழு குரல்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும்.