மூன்று உழக்கு ஒலி

நம் பாட்டன்மார் அரிசியை எடை போட்டு வாங்கவில்லை, முகந்து அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஒவ்வோர் அளவும் முந்தியதைப்போல் இரு மடங்காக இருப்பதைக் கவனித்தீர்களா? உழக்குக்கு ஒரு கலம் உண்டு. உரிக்கு ஒன்று உண்டு. படிக்கு ஒன்று உண்டு. ஆனால், மூன்று உழக்கு அரிசி என்றால் அதற்கெனத் தனிக் கலம் கிடையாது. படியை முக்கால் அளவு நிரப்ப வேண்டும். அல்லது உழக்கால் மூன்று முறை அளக்க வேண்டும்.

கணிப்பொறியின் நிலையும் இதுவே. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். பைட்டை உழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியின் கணக்கிடும் உறுப்பு 1, 2, 4, 8 என்ற பைட் அளவுகளில் எண்களை எடுத்துக் கையாளுமாறு அமைந்தது. ஆனால், ஒலியை எண்ணாக மாற்றும் கருவிகள் 12, 13, 14, 18, 20, 24 பிட் என்று பற்பல அளவுகளில் எண்களைத் தந்தன. இவ்விரண்டையும் பொருத்திவைக்க நடந்த முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒலி எண்ணாவது எப்படி?

ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் தோன்றும் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதனை மின்னழுத்த ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. இந்த மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்வதே இலக்கமுறை ஒலிப்பதிவு. அவ்வாறு எடுத்த ஒவ்வோர் அளவுக்கும் 'மாதிரி' என்று பெயர்.

இதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒரு நொடிக்கு எத்தனை முறை அளப்பது? ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுட்பமாக அளப்பது? ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கும் மேலான தடவை அளந்தால் போதும் என்பது முதற் கேள்விக்கு விடை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக நிறுவியது. இரண்டாம் கேள்விக்கு ஒரே விடை இல்லை. அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

குற்றாலத்தை எடுத்துக்கொள்வோம். சீசன் நாளில் பேரருவியின் அடியில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கோடையில் அதே பாறை வறண்டு கிடக்கும்போது இலை உதிரும் ஒலியும் கேட்கும். இவ்விரண்டுக்கும் இடையே 60 டெசிபல் வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், அழுத்த வேறுபாடு ஆயிரம் மடங்கு. எட்டுப் பிட்டால் குறிக்கத்தக்க படிகள் 256 மட்டுமே. அருவியின் ஒலி அத்தனை படிகளையும் நிரப்புமாறு கருவியை அமைத்துவிட்டால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான இலையின் ஒலி ஒரு படியின் உயரத்தைக்கூட எட்டாது, பதிவில் காணாமற்போகும். பதினாறு பிட்டானால் 65,536 படிகள். அப்போது இலையின் ஒலிக்கும் ஏறத்தாழ 65 படிகள் கிடைக்கும். பிட் ஒன்று கூடும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாக அளக்கலாம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் பிறந்த எட்டு

ஒலியை எண்களாக அனுப்பலாம் என்ற கருத்தை 1937-இல் வகுத்தவர், பாரிசில் பணியாற்றிய ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ். வெற்றிடக் குழல்களின் காலம் அது. கருத்து இருந்தும் மலிவான கருவி இல்லை. டிரான்சிஸ்டர் வந்தபின், 1962-இல் பெல் நிறுவனம் 24 உரையாடல்களை ஒரே இணைப்பில் எண்களாக அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நொடிக்கு 8,000 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் எட்டு இடங்கள். அவற்றில் ஏழு மட்டுமே குரலுக்குரியவை. எட்டாவது இடம் மணியடித்தல் போன்ற செய்திகளுக்கானது. கலத்தின் அளவு வேறு, அதில் உள்ள பண்டத்தின் அளவு வேறு என்ற பாடம் அப்போதே தொடங்கிவிட்டது.

எட்டுப் பிட் போதாது என்று மேலே கண்டோம். தொலைபேசிப் பொறியாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். மெல்லிய ஒலிகளுக்கு நெருக்கமான படிகளும், உரத்த ஒலிகளுக்கு அகன்ற படிகளும் வைத்தார்கள். இதனால் எட்டுப் பிட்டே பதின்மூன்று பிட்டின் வேலையைச் செய்தது. இதற்கான பன்னாட்டு விதி 1972-இல் வந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் 'மியூ விதி' என்ற படியமைப்பைக் கொண்டன. ஐரோப்பாவும் இந்தியாவும் 'ஏ விதி' என்பதைக் கொண்டன. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் அமைப்பு, குளிர்பதன வசதியின்றியே இயங்கவல்ல சிறு கிராம இணைப்பகத்தை உருவாக்கியது. அதில் முதலாவது 1986-இல் கர்நாடக மாநிலம் கிட்டூரில் நிறுவப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவிய இத்தகைய இலக்கமுறை இணைப்பகங்கள் வழியே சென்ற ஒவ்வொரு குரலும் எட்டுப் பிட் 'ஏ விதி' எண்களாக மாறியே சென்றது.

பதின்மூன்றா, பதினான்கா, பதினாறா?

இசைக்கு இது போதவில்லை. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1967-இல் 12 பிட் பதிவுக் கருவியைச் செய்துகாட்டியது. 1972-இல் டெனான் நிறுவனம் 13 பிட் கருவியால் இசைத்தட்டுகளுக்குப் பதிவு செய்தது. அதே ஆண்டில் பி.பி.சி.யும் தன் நிலையங்களுக்கு இசையை அனுப்ப 13 பிட் முறையைக் கையாண்டது. இவை யாவும் தனித்து இயங்கிய கருவிகள். பொதுக் கணிப்பொறியோடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை. ஆகவே பைட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையும் இல்லை.

குறுந்தகட்டை வகுத்தபோது 14 பிட் போதும் என்றது பிலிப்ஸ்; 16 வேண்டும் என்றது சோனி. 1980-இல் 16 பிட் என்று முடிவாயிற்று. பிலிப்சிடம் இருந்ததோ 14 பிட் மாற்றிச் சில்லு. மாதிரிகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காகப் பெருக்கி, பிழையைச் செவிக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளி, அந்தச் சில்லைக்கொண்டே 16 பிட்டுக்கு நிகரான தரத்தைப் பிலிப்ஸ் பெற்றது. பதினாறு என்பது இரண்டு பைட். நம் கணக்கில் ஓர் உரி. கணிப்பொறிக்கு மிகவும் உகந்த கலம்.

இயக்கி நிரலின் வேலை

கணிப்பொறிக்குள் ஒலி நுழைந்தபோது பழைய தொலைபேசி எண்ணும் உடன் நுழைந்தது. 1989-இல் வந்த சன் நிறுவனத்தின் ஸ்பார்க் ஸ்டேஷன் கணிப்பொறியில், தொலைபேசிக்கென உருவான சில்லே ஒலிக்கும் பயன்பட்டது. அதன் இயங்குதளம் 8,000 மாதிரி, எட்டுப் பிட், 'மியூ விதி' என்ற வடிவில் ஒலியைக் கையாண்டது. அதே ஆண்டில் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையும் எட்டுப் பிட். 1992-இல் அது பதினாறாயிற்று.

இங்கே 'டிரைவர்' எனப்படும் இயக்கி நிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டைக் கேட்கும் நிரலுக்கு உங்கள் ஒலிச் சில்லின் மொழி தெரியாது. சில்லுக்கு அந்த நிரலைப் பற்றித் தெரியாது. இருவருக்கும் இடையே நிற்கும் துபாஷியே இயக்கி நிரல். பன்னிரண்டு பிட் எண்ணை இரண்டு பைட் கலத்தில் வைத்தால் நான்கு இடங்கள் மிஞ்சுகின்றன. அவற்றை எந்தப் பக்கம் விடுவது?

1991-இல் வெளியான 'வேவ்' கோப்பு விதி இதற்கு நல்ல விடை தந்தது. மாதிரியைக் கொள்ளக்கூடிய மிகச் சிறிய முழுப் பைட் கலத்தை எடு. எண்ணை மேற்பக்கமாக ஒட்டி வை. கீழே மிஞ்சும் இடங்களில் சுழியை இடு என்றது. இதில் ஒரு நன்மை உண்டு. 12 பிட் என்று அறியாத நிரலும் அதனை 16 பிட்டாகவே படித்து, சரியான உரப்பில் ஒலிக்கும்.

ஆனால், எல்லாக் கருவிகளும் இவ்வாறு செய்யவில்லை. சில, 24 பிட் எண்ணை நான்கு பைட் கலத்தின் அடிப்பக்கத்தில் வைத்தன. அதனை முழு 32 பிட் எண்ணாகப் படித்தால், மதிப்பு 256-இல் ஒரு பங்காகிவிடும். அதாவது 48 டெசிபல் குறைவு, பாட்டு முணுமுணுப்பாகிவிடும். எதிர்மறை எண்களில் இன்னும் ஓர் இடர் உண்டு. 24 பிட்டில் எழுதிய −1 என்பதில் எல்லா இடங்களும் ஒன்றுகளே. மேலே மிஞ்சிய எட்டு இடங்களைச் சுழியால் நிரப்பிவிட்டால், அது 1,67,77,215 என்ற பெரிய நேர் எண்ணாகிவிடும். அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் இடி முழங்கும். ஆகவே, எதிர்மறை எண்ணாயின் மிஞ்சும் இடங்களையும் ஒன்றுகளால் நிரப்ப வேண்டும்.

வேறு சில கருவிகள் இடத்தை வீணாக்காமல், மூன்று மூன்று பைட்டாகவே நெருக்கி அடுக்கின. இதுதான் மூன்று உழக்கு. யு.எஸ்.பி. கம்பியில் அனுப்பும்போது இதனால் கால்வாசி இடம் மிச்சமாகும். ஆனால், வாங்கும் இடத்தில் தொல்லை. இடது, வலது இரண்டும் சேர்ந்தால் ஆறு பைட். கணிப்பொறி தன் நினைவகத்தை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைப்பது வழக்கம். 4,096-ஐ ஆறால் வகுத்துப் பாருங்கள். ஈவு 682, மீதி 4. இடத்து மாதிரி முழுதாகவும், வலத்து மாதிரியில் ஒரு பைட் மட்டுமாகவும் ஒரு பக்கத்தில் தங்க, மற்ற இரண்டு பைட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தின் முடிவில் மாதிரியும் முடிகிறது என்று நம்பி எழுதிய நிரல், அங்கிருந்து எல்லா எண்களையும் தவறான இடத்தில் வெட்டிப் படிக்கும். கேட்பவருக்கு வருவது பாட்டு அன்று, பேரருவியின் இரைச்சல்தான்!

இரண்டு எண்கள்

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு எளிமையானது. கலத்தின் அளவு, பண்டத்தின் அளவு என்று இரண்டு எண்களைத் தனித்தனியே சொல்லிவிட வேண்டும். 1998-இல் வந்த யு.எஸ்.பி. ஒலிக் கருவிகளுக்கான விதி அவ்வாறே செய்தது. ஒரு மாதிரிக்கு எத்தனை பைட் இடம், அதில் எத்தனை பிட் பயனுள்ளவை என்று கருவியே கணிப்பொறியிடம் அறிவிக்கும். விண்டோஸ் இயங்குதளத்தின் விரிவாக்கப்பட்ட ஒலி வடிவமும் இதே வழியை ஏற்றது.

லினக்ஸ் இயங்குதளத்தில் செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கைசெலா 1998 அளவில் தொடங்கிய 'ஆல்சா' என்ற ஒலித் தொகுதி, 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில் முதன்மை இடம் பெற்றது. அதில் மூன்று பைட்டில் 18 பிட், மூன்று பைட்டில் 20 பிட், மூன்று பைட்டில் 24 பிட், நான்கு பைட்டில் 24 பிட் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. 'ஏ விதி'யும் 'மியூ விதி'யும்கூட உண்டு. நிரல் கேட்கும் வடிவமும் கருவி அறிந்த வடிவமும் வேறானால், இடையே மாற்றித்தரும் பகுதியும் உண்டு. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். உலகில் பத்துப்பேர் மட்டுமே வைத்திருக்கும் ஒரு கருவிக்கும் அவர்களுள் ஒருவர் ஆதரவு எழுதிச் சேர்க்க வழி உண்டு.

இருபத்துநான்கு பிட் உண்மையில் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். மின்தடையில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதால் ஓர் இரைச்சல் எப்போதும் உண்டு. இதனை 1928-இல் ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். அதனால் மிகச் சிறந்த மாற்றிகளிலும் ஏறத்தாழ 20, 21 பிட்டுகளுக்குக் கீழே உள்ளவை வெறும் இரைச்சலே. எனினும் ஒலிகளைக் கூட்டிப் பெருக்கிக் கலக்கும்போது கணக்குப் பிழை மேலேறாமல் இருக்க, கீழே சில இடங்கள் இருப்பது நல்லது.

நமக்கு என்ன?

இது எங்கோ நடந்த பொறியியல் வழக்கு என்று எண்ண வேண்டாம். 1995-க்குப் பின் வந்த டி.வி. வகைச் சிறு ஒளிநாடாக் கேமராக்களில் இரண்டு ஒலி முறைகள் இருந்தன. ஒன்று 16 பிட், 48,000 மாதிரி. மற்றொன்று 12 பிட், 32,000 மாதிரி. பல கேமராக்கள், யாரும் மாற்றாவிட்டால், 12 பிட்டிலேயே பதிவு செய்தன. இந்தப் பன்னிரண்டும் தொலைபேசியைப்போல் சமமற்ற படிகளைக் கொண்டவை. உரிய முறையில் 16 ஆக விரித்தால்தான் சரியாக ஒலிக்கும். தென்காசி வட்டாரத்துக் கோயில் கொடைகளில் அக்காலத்தில் இத்தகைய கேமராக்களால் எடுத்த வில்லுப்பாட்டும் கணியான் கூத்தின் மகுட ஒலியும் இந்தப் பன்னிரண்டு பிட்டுக்குள் இருக்கக்கூடும். பாடியவருள் சிலர் இன்று இல்லை. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு நலிகிறது. கேமராவை இணைக்கும் துளையும் இன்றைய கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. அந்த எண்களைப் படித்து விரிக்கும் நிரல் இன்னும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதே நல்ல செய்தி. எங்கோ ஒருவர், அரிதான ஓர் அளவுக்காக, சில வரிகள் எழுதி வைத்ததன் பயன் அது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ ஊர்க் கோயிலிலோ அத்தகைய நாடா இருந்தால் ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். வேலை செய்யும் பழைய கேமரா ஒன்றைத் தேடிப்பிடித்து விரைவில் கணிப்பொறிக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கோப்பின் பண்புகளைப் பாருங்கள். 32,000 என்ற எண் தெரிந்தால், அது பன்னிரண்டு பிட்டில் பிறந்த ஒலி என்று அறியலாம். மென்பொருள் எழுத ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பதும் இல்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அத்தொழில் நடந்துவருகிறது. நான்கு பைட்டின் அடிப்பக்கத்தில் உள்ள 24 பிட் எண்ணை, எதிர்மறைக் குறி கெடாமல் 32 பிட் எண்ணாக மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பாருங்கள். இரண்டே படிகளில் முடியும்: முதலில் எட்டு இடம் மேலே தள்ளுங்கள், பிறகு குறியோடு எட்டு இடம் கீழே இறக்குங்கள். ஏன் அவ்வாறு என்பதை மேலே சொன்ன −1 என்ற எண்ணை வைத்து நீங்களே கண்டறியலாம்.